மூன்றாவது தொட்டி

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை பேசினார். வழக்கமாக மகள் பேசி, பேரன் பேசி, கடைசியில் "மாமா, உடம்பு எப்படி இருக்கு?" என்ற ஒரு வரியோடு அவர் பங்கு முடிந்துவிடும். அன்று அவரே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, இன்னொரு மீன் தொட்டி வாங்கிட்டேன். மூணாவது. வீட்ல இன்னும் சொல்லலை. இதோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நானும் மூணாவது வாங்கும்போது இதையேதான் சொன்னேன் மாப்பிள்ளை" என்றேன். வில்லிவாக்கத்தில் எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு காலத்தில் ஏழு தொட்டிகள் இருந்தன.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறதாம். மாப்பிள்ளைதான் சொன்னார். "மல்டிபிள் டேங்க் சின்ட்ரோம்." ஒரு தொட்டி வாங்கியவன் இரண்டு வாங்குவான், இரண்டு வாங்கியவன் நான்கு வாங்குவான் என்பதை மீன் வளர்ப்பவர்கள் தங்களையே கேலி செய்துகொள்ள வைத்த பெயர். இது இந்தக் காலத்து வியாதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. இந்த வியாதிக்கு 170 வயதாகிறது. ஒரு நாடே ஒரே சமயத்தில் இந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்த கதை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பிறகு கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை வைத்து அதை இன்று சொல்கிறேன்.

மீனை அழகுக்காக வளர்ப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்ததல்ல. சீனாவில் சோங் வம்சக் காலத்திலேயே தங்கமீன்களைக் குளங்களில் வளர்த்தார்கள். மிங் காலத்தில் அவை வீட்டுக்குள் பீங்கான் தொட்டிகளுக்கு வந்துவிட்டன. 1596-ல் ஜாங் சியாண்டே என்பவர் செம்மீன் வளர்ப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பிஸ் 1665-ல், ஒரு கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் உயிரோடு இருந்த மீன்களைப் பார்த்து வியந்து தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே தொல்லை. தண்ணீரை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மாற்றாவிட்டால் மீன் செத்துப்போகும். ஏன் சாகிறது என்று யாருக்கும் தெரியாது.

முதல் வெளிச்சம் மீனிலிருந்து வரவில்லை, செடியிலிருந்து வந்தது. லண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர். புகை மண்டிய அந்தப் பேட்டையில் அவர் வைத்த செடி எதுவும் பிழைக்கவில்லை. 1829 வாக்கில் ஒரு கூட்டுப்புழுவைக் கவனிப்பதற்காக மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஈர மண் போட்டு வைத்தார். அந்த மண்ணில் தானாகவே ஒரு பெரணிச் செடி முளைத்து, யாரும் தண்ணீர் ஊற்றாமலே செழித்தது. அதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 'வார்டு பெட்டி' என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டிகளில்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நாம் காலையில் குடிக்கும் டீக்கும் மீன் தொட்டிக்கும் இப்படி ஒரு உறவு.

அடுத்து ஒரு பெண்மணி. அன்னா தின், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பொறுப்பிலிருந்த ஒரு பாதிரியாரின் மனைவி. 1846-ல் டார்க்கி கடற்கரைக்குப் போனவர், அங்கே பாறையில் வளரும் சிறு பவள உயிர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, அவற்றை ஒரு கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் அருகில் இல்லை. புதுத் தண்ணீருக்கு வழியில்லை. என்ன செய்வது? இருக்கிற தண்ணீரையே திறந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றச் சொன்னார். நம் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போலத்தான். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது அவரல்ல, வீட்டு வேலைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. அடுத்த வருடம் கடற்பாசிகளையும் சேர்த்துவிட்டார் அன்னா தின். அந்த வேலைக்காரப் பெண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவளிடம் திரும்பி வருவேன்.

மூன்றாமவர் ராபர்ட் வாரிங்டன், வேதியியலாளர். 1849-ல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்துவிட்டது. நத்தை முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. 1850-ல் இதைக் கெமிக்கல் சொசைட்டியின் இதழில் எழுதினார். தண்ணீர் மாற்றாமல் மீன் வளர்க்கலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது.

இதே காலத்தில் அரசாங்கமும் தெரியாமல் ஒரு உதவி செய்தது. இங்கிலாந்தில் நூறு வருடமாகக் கண்ணாடிக்குத் தீர்வை இருந்தது. 1845-ல் அதை ரத்து செய்தார்கள். கண்ணாடி விலை இறங்கியது. கருவூலத்துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வரியை எடுத்தவர்கள் யாரும் மீனைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

விறகு அடுக்கியாகிவிட்டது. தீக்குச்சி கிழித்தவர் பிலிப் ஹென்றி காஸ். கடல் உயிரினங்களை ஆராய்ந்தவர், அழகாகப் படம் வரைபவர், தீவிர மதப்பற்று உள்ளவர். 1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சிசாலையில் 'மீன் வீடு' என்று ஒரு கண்ணாடிக் கூடம் திறந்தார்கள். அதற்கு உயிரினங்கள் சேகரித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருடம் அவருடைய 'தி அக்வேரியம்' நூல் வெளிவந்தது. அதுவரை விவேரியம், அக்வா விவேரியம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்வேரியம் என்ற பெயரை நிலைநிறுத்தியது காஸ்தான். பழைய லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மாடு தண்ணீர் குடிக்கும் இடம் என்று பொருளாம்!

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கூடத்தில் ஒரு தொட்டி இல்லாத வீடு நாகரிகமில்லாத வீடு என்று ஆகிவிட்டது. ரயில் அப்போதுதான் கடற்கரை ஊர்களை எட்டியிருந்தது. விடுமுறைக்குப் போனவர்கள் வாளியும் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டும் அவர் துணைவர் லூயிஸும்கூட 1856-ல் இல்ஃபிராகோம் கடற்கரையில் பாறை பாறையாகத் தேடி, சேகரித்ததையெல்லாம் ஜாடி ஜாடியாக அறைக்குள் நிரப்பினார்கள். கடலே பார்க்க முடியாதவர்களுக்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் காஸ் வெளியிட்டுவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு நெருக்கமானவர் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிட். புத்தகம் பைண்டு செய்து பிழைத்த ஏழை. மீன் தொட்டி வாங்க வசதியில்லாமல் சாதாரணக் கண்ணாடிப் பாத்திரங்களில் கடல் உயிர்களை வளர்க்க ஆரம்பித்தார். ஒன்று பத்தாகி, பைண்டிங் வேலையையே விட்டுவிட்டு, லண்டன் போர்ட்லேண்டு ரோட்டில் இதற்கென்றே கடை போட்டார். தொட்டி, செடி, கல், கடல்நீர், உயிருள்ள பிராணிகள் எல்லாம் அங்கே கிடைத்தன. 1858-ல் அவர் அச்சிட்ட விலைப்பட்டியல் 128 பக்கம். விலைப்பட்டியல்தான், நாவல் அல்ல!

நான் லாயிடைப் படித்தபோது என்னையே பார்த்தது போலிருந்தது. என் ஏழு தொட்டிகளும் ஆசையால் வந்தவை என்று என் மனைவி சொல்வாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. கொளத்தூரில் வாங்கிய முதல் இரண்டடித் தொட்டியில் கப்பி மீன்கள் விட்டேன். குட்டி போட்டன. பெரிய மீன் குட்டியைத் தின்னுமே, அதற்கு ஒரு தொட்டி. ஃபைட்டர் மீன் மற்றதோடு சேராது, அதற்கு ஒன்று. நோய் வந்ததைத் தனியே வைக்க ஒன்று. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும், ஏஞ்சலுக்குச் சற்று வெதுவெதுப்பு வேண்டும், ஆகவே இரண்டு. ஏழாவதற்கு மட்டும் காரணம் இல்லை. கடையில் கழிவு விலைக்குக் கொடுத்தார்கள். "ஏங்க, இனி ஒரு தொட்டி வந்தா நாம ரெண்டு பேரும் வாசல்லதான் படுக்கணும்" என்றாள் அவள்.

இங்கிலாந்துக் காய்ச்சல் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. 1860-களின் தொடக்கத்திலேயே லாயிடின் கடை நொடித்துப்போனது. 1868-ல் பாதிரியார் ஜே. ஜி. வுட் மீன் தொட்டிகளைப் பற்றி எழுதும்போது, அந்த மோகம் வந்த வேகத்தில் ஓடி முடிந்துவிட்டது என்று எழுதவேண்டியதாயிற்று. காரணம் எளிது. பெரும்பாலான தொட்டிகளில் தண்ணீர் நாறியது, பிராணிகள் செத்தன. புத்தகத்தில் இரண்டு மீனுக்குச் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, ஆசை தாளாமல் இருபதை விட்டார்கள். கூடத்தில் பெருமையாக நின்ற தொட்டி பரணுக்குப் போனது.

அவர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருந்தது. செடியும் நத்தையும் மட்டும் தொட்டியைக் காப்பாற்றுவதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரமும்கூட. இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பஞ்சிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன் சாகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் திட்டுகிறோம்.

இதைக் கண்டுபிடித்தது எப்படி என்பதில் ஒரு அழகு இருக்கிறது. 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், இந்த மாற்றத்தைச் செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று என்று காட்டினார்கள். அதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் வருடக்கணக்காக உழைத்து, அது இரண்டு கட்டமாக, இரண்டு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று தெளிவுபடுத்தினார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் தொட்டி வைத்தாரே, அவருடைய மகன்! அப்பா அந்தத் தொட்டியை வைத்தபோது மகனுக்குப் பத்து, பதினொரு வயது. அப்பாவின் கணக்கில் விடுபட்டிருந்த பாதியை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார்.

லாயிட் திவாலோடு முடிந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலை அவரை அழைத்தது. 1864-ல் அங்கே பெரிய காட்சியகம் அமைத்தார். பிறகு 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ். அவர் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: காட்சித் தொட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரை வெளிச்சம் படாத நிலத்தடித் தொட்டியில் வைத்து, அதை ஓயாமல் சுற்றவிடவேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், தெரியாமல் கீழே இருப்பது அதிகம். நேப்பிள்ஸ் நகரத்துக் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்துக்கும் அவர்தான் யோசனை சொன்னார். 1874-ல் திறந்த அது இன்றும் இருக்கிறது.

அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ல் மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். சிறுவனாக இருந்தபோது அதைப் பார்த்ததாக என் அப்பா சொல்வார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடிவிட்டார்கள். எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தக் கதையில் மிகவும் வருந்தியவர் காஸ். அவர் மகன் எட்மண்ட் காஸ், 1907-ல் வெளிவந்த 'ஃபாதர் அண்ட் சன்' நூலில் அதை எழுதியிருக்கிறார். சிறுவனாக அப்பாவோடு டெவன் கடற்கரைப் பாறைக் குட்டைகளில் கடல் பூக்களைப் பார்த்தவர் அவர். அப்பாவின் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்த கூட்டம் அந்தக் குட்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டது. நல்லதையே நினைத்து எழுதிய அப்பா, தன் எழுத்தாலேயே தான் நேசித்த கரை வெறுமையானதைப் பார்த்து மிகவும் வேதனைப்பட்டார் என்கிறார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் உண்டு. யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கடைகளில் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் ஒரு மீன் விற்பார்கள். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும். வாங்கும்போது விரல் நீளம். என்னுடையது மூன்று வருடத்தில் ஒரு அடியைத் தாண்டிவிட்டது. எந்தத் தொட்டியிலும் அடங்கவில்லை. கொல்ல மனம் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போய் எங்கள் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு, ஒரு ஜீவனுக்கு விடுதலை கொடுத்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

அது தென் அமெரிக்க மீன். உடம்பெல்லாம் கவசம் போன்ற தட்டு, துடுப்பில் முள். இங்கே அதைத் தின்ன ஆளில்லை, சந்தையில் வாங்கவும் ஆளில்லை. இன்று தமிழ்நாட்டில் பல ஏரிகளில் அது பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. என்னைப் போல் நல்லெண்ணத்தோடு வாளி தூக்கிப் போனவர்கள் எத்தனை பேரோ! காஸின் வாசகர்கள் கடற்கரையைக் காலி செய்தார்கள். நான் ஏரிக்குள் வேண்டாததைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவராவது பிறர் செய்ததற்கு வருந்தினார். எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

இனி அந்த வேலைக்காரப் பெண். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. நாங்கள் முதல் மாடி, தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் ஏழு தொட்டியிலும் காற்று மோட்டார் நின்றுவிட்டது. சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. நானும் மனைவியும் ஆளுக்கொரு சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். அன்னா தின் வீட்டுப் பெண் செய்த அதே வேலை. எனக்கு அப்போது அந்தக் கதை தெரியாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு தொட்டிக்குக் கால் மணி நேரம். ஏழாவதை முடித்துத் திரும்பினால் முதலாவதில் மறுபடி மீன் மேலே வந்திருக்கும். இரண்டாம் இரவு, "ஏழையும் காப்பாத்த முடியாதுங்க. எது வேணும்னு சொல்லுங்க" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே கூடத்திலிருந்த முதல் தொட்டிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஒன்று பிழைத்தது. மற்றவற்றில் இருந்ததை வாளியில் அள்ளினேன். எத்தனை என்று எண்ணவில்லை.

இன்று எங்கள் வீட்டில் ஒரே தொட்டி. அதே கொளத்தூர் தொட்டி. கரையில் பச்சை படிந்து பழசாகத் தெரியும். ஆனால் அதில் மீன் சாவது அபூர்வம். பல வருடமாகக் கலைக்காத மணல், அதில் குடியிருக்கும் நுண்ணுயிர். ஒவ்வொரு புதுத் தொட்டியும் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும். ஏழு தொட்டி வைத்திருந்தபோது நான் எப்போதும் ஏதாவது ஒன்றில் முதல் மாதத்தில்தான் இருந்தேன்.

இவ்வளவையும் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு. "மாமா, புதுசுல என்ன மீன் விடலாம்?"

"இப்போதைக்கு ஒண்ணும் விடாதீங்க. பழைய தொட்டி ஃபில்டர் பஞ்சுல பாதியை எடுத்துப் புதுசுல வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு ரெண்டு மட்டும் விட்டுப் பாருங்க."

"சரி மாமா. பாசி பிடிக்காம ஒரு சக்கர் போடலாமா?"

"வேண்டாம். நத்தை போதும். சக்கர் ஏற்கெனவே இருந்தா, பெரிசானதும் கடையிலயே திருப்பிக் கொடுங்க. ஏரிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு, "ஒண்ணு இருக்கு மாமா. இப்பவே ஒரு சாண் இருக்கும்" என்றார்.

"நாளைக்கே கடைக்குக் கொண்டு போங்க. அதுக்கு முன்னாடி, மூணாவது தொட்டியைப் பத்தி என் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.